மூன்றில் ஒன்று தெரிந்தால்...

சகோதரிகளே, உங்கள் வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் இருக்கிறாளா? அப்படியானால் 'முப்படிப் பல்லுறுப்புக்கோவை' என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். கேட்டதும் மெல்ல அடுக்களைக்குள் நழுவியும் இருப்பீர்கள்!

நான் நழுவ முடியவில்லை. "எம்மா, பிளஸ் ஒன்னிலே எனக்குக் கணக்கு இல்லாத குரூப்பு போதும்" என்று என் மகள் சொல்லிவிட்டாள். அவளுக்கோ இன்ஜினீயராக வேண்டுமென்று ஆசை. ஒரு கணக்குக்குப் பயந்து ஆசையையே விட்டுவிடுவதா?

எங்கள் ஊர் மணவாளக்குறிச்சி. இங்கே கடற்கரையில் கிடக்கும் கருமணலுக்குள் இல்மனைட், சிர்கான், கார்னெட், மோனசைட் என்று பலதும் கலந்திருக்கின்றன. மணல் ஆலையில் காந்தத்தாலும் மின்சாரத்தாலும் ஒவ்வொன்றாகத்தான் அவற்றைப் பிரிக்கிறார்கள்.

"மக்ளே, இந்தக் கணக்கும் நம்ம ஊரு மண்ணு மாதிரிதான். ஒண்ண எடுத்துட்டா மிச்சம் லேசு" என்றேன்.

அவள் நோட்டில் இருந்தது இது: எக்ஸ்³ − 8எக்ஸ்² + 17எக்ஸ் − 10. எக்ஸ் இருக்கும் இடத்தில் 2 போட்டால் முழுவதும் 0 ஆகிவிடும். ஆகவே 2 இதன் ஒரு பூச்சியம்; எக்ஸ் − 2 ஒரு காரணி.

இனி கெழுக்களை மட்டும் வரிசையாக எழுதுங்கள்: 1, −8, 17, −10. (நடுவே ஏதாவது ஒரு படி இல்லாவிட்டால் அங்கே 0 போட மறக்கக் கூடாது.) முதல் 1ஐ அப்படியே கீழே இறக்குங்கள். அதை 2ஆல் பெருக்கி −8உடன் கூட்டினால் −6. அதையும் 2ஆல் பெருக்கி 17உடன் கூட்டினால் 5. மறுபடி பெருக்கி −10உடன் கூட்டினால் 0. மீதி இல்லை, கணக்கு சரி!

கையில் இருப்பது 1, −6, 5. அதாவது எக்ஸ்² − 6எக்ஸ் + 5. இது பழகிய இருபடிதானே? (எக்ஸ் − 1)(எக்ஸ் − 5) என்று அவளே எழுதிவிட்டாள்.

இதற்குத் தொகுமுறை வகுத்தல் என்று பெயர். 1804ல் இதற்கு வழி காட்டிய இத்தாலியர் ருஃபினி, வைத்தியமும் பார்த்தவராம்!

"முதல் பூச்சியத்த சொல்லாம விட்டா?" என்று கேட்டாள் மகள். நல்ல கேள்வி. கெழுக்களை எல்லாம் கூட்டிப் பாருங்கள். 0 வந்தால் 1 ஒரு பூச்சியம். வராவிட்டால், இதைப்போல் முதல் கெழு 1 ஆக இருக்கும்போது, கடைசி எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களைக் கூட்டல் குறியோடும் கழித்தல் குறியோடும் போட்டுப் பார்க்கலாம். முழு எண் பூச்சியம் இருந்தால் அவற்றுக்குள்தான் இருக்கும்.

எந்தக் குரூப்பு என்பதை அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் அடுத்த கணக்கை என்னைக் கூப்பிடாமலே போட்டாள். நீங்களும் இன்று உங்கள் பெண்ணின் அருகே உட்கார்ந்து பாருங்கள். பருப்பு வேகிற நேரம் போதும்!