நானாட்டானுக்கு ஒரு டேர்போ எஞ்சின் வந்தால்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, வேறொரு நாட்டின் எரிபொருளுக்கும் காலநிலைக்கும் ஏற்ப ஆக்கப்பட்ட டேர்போ எஞ்சினை அதன் இடத்தில் இருத்துவது, வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கழற்றிப் பூட்டும் வேலையாகத் தோன்றினாலும், அடிப்படையில் அது வெப்பத்தை ஆளும் வேலையாகும். மன்னார்ப் பெருநிலப்பரப்பில், கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயல்களுக்கு நடுவே அமைந்த நானாட்டானில் எஞ்சின் என்றதும் நினைவுக்கு வருவது வேகமன்று, இழுவையே. உழவு இயந்திரமும், லான்ட்மாஸ்ரர் எனப்படும் இரு சில்லு உழவு இயந்திரமும், வங்காலை, அரிப்புக் கரைகளில் படகைத் தள்ளும் எஞ்சினும்தான் அங்கு அன்றாடம் கேட்கும் ஒலிகள். ஆயினும், டேர்போ எஞ்சினை ஆள்வதற்கு வேண்டிய அறிவில் ஒரு பெரும் பகுதியை இலங்கையின் வடபுலம் போர்க்காலத்தில், முற்றிலும் எதிர்த் திசையிலிருந்து, மண்ணெண்ணெயில் கார் ஓட்டியே கற்றுக்கொண்டது என்பது போதிய அளவு எடுத்துச் சொல்லப்படாத ஒரு செய்தி.

இத்தகைய மாற்றங்களில் உலகெங்கும் மிகுதியாகச் செய்யப்பட்ட ஒன்று நிசான் நிறுவனத்தின் சில்வியா காருடன் தொடர்புடையது. 1988இல் வெளிவந்த எஸ்13 சில்வியா, கூப்பே எனப்படும் இரு கதவுக் கார். எஞ்சின் முன்னே இருக்க, பின்சில்லுகளே அதனைத் தள்ளும். ஜப்பானில் இதற்கு முதலில் 1.8 லீற்றர் டேர்போ எஞ்சினும், 1991 முதல் எஸ்ஆர்20டிஈடி எனும் எஞ்சினும் பொருத்தப்பட்டன. இப்பெயரில் எஸ்ஆர் என்பது எஞ்சின் குடும்பத்தையும், 20 என்பது இரண்டு லீற்றர்க் கொள்ளளவையும், டி என்பது தலைப்பகுதியில் உள்ள இரட்டைக் காம் தண்டுகளையும், ஈ என்பது மின்னணு முறையில் எரிபொருள் பீச்சப்படுவதையும், இறுதி டி என்பது டேர்போவையும் குறிக்கும். அதன் வலு 205 குதிரைவலு. அதே காரை அமெரிக்காவில் 240எஸ்எக்ஸ் என்ற பெயரில் விற்றபோது, நிறுவனம் டேர்போவைத் தவிர்த்து, தன் பிக்கப் வாகனங்களுக்கும் பயன்படுத்திய குடும்பத்தைச் சேர்ந்த 2.4 லீற்றர் எஞ்சினைப் பொருத்தியது. உயர்ந்த வகையிலும் அது 155 குதிரைவலுவையே தந்தது. உடல் ஒன்று, எஞ்சின் இரண்டு என்ற இந்நிலையில், ஜப்பானிய எஞ்சினை இறக்குமதி செய்து அமெரிக்கக் காரில் வைத்தவர்களுக்கு எஞ்சின் தாங்கிகள் புதிதாக ஒட்டும் வேலை ஏற்படவில்லை. கியர்பொக்ஸும் எஞ்சினோடு சேர்ந்தே வந்தது. வேலை முழுவதும் வயறிங்கிலும், காற்றும் நீரும் எண்ணெயும் செல்லும் குழாய்களிலும் குவிந்தது.

டேர்போ என்பது எஞ்சின் வெளியேற்றும் சூடான புகையின் வேகத்தால் சுழலும் ஒரு சிறு சக்கரமும், அதே தண்டின் மறுமுனையிலிருந்து வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் இன்னொரு சக்கரமும் சேர்ந்த கருவியாகும். சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி 1905இல் இதற்கான காப்புரிமையைப் பெற்றார். விற்பனைக்கு வந்த பயணிகள் கார்களில் இது 1962இல் அமெரிக்காவில் முதன்முதலாக இடம்பெற்றது. இத்தண்டு நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுகளையும் கடந்து சுழல்வது. அதன் ஒரு முனையில் புகையின் வெப்பம் 900 பாகை செல்சியஸை நெருங்க, மறுமுனையில் சாதாரணக் காற்று நுழைகிறது. இடையே தண்டைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. நெடுந்தூரம் வேகமாக ஓடிவந்த டேர்போ காரை உடனே நிறுத்தாமல் சிறிது நேரம் வெறுமனே ஓடவிட வேண்டும் என்று மெக்கானிக்குகள் வற்புறுத்துவதற்குக் காரணம், எண்ணெய் ஓட்டம் நின்றபின் அவ்வெப்பத்தில் எஞ்சிய எண்ணெய் கருகிப் படிந்து, தாங்கியை அரித்துவிடும் என்பதே.

காற்றை அழுத்தினால் அது சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி கையைச் சுடுவது இதனால்தான். சூடேறிய காற்று சிலிண்டருக்குள் பெற்றோலுடன் கலந்து மேலும் அழுத்தப்படும்போது, தீப்பொறியிலிருந்து புறப்பட்ட சுவாலை வந்து சேர்வதற்கு முன்பே மூலையில் எஞ்சியிருக்கும் கலவை தானாகவே பற்றிக்கொள்வதுண்டு. அவ்வேளையில் எழும் உலோகத் தட்டல் ஒலியையே கராஜ்களில் நொக்கிங் என்கின்றனர். அது வெறும் ஒலியன்று, பிஸ்ரனின் தலையை உடைக்கும் அடியாகும். எனவே டேர்போ எஞ்சினை வடிவமைப்பவர்கள் கொம்பிரஷன் விகிதத்தை, அதாவது பிஸ்ரன் கீழே நிற்கும்போது சிலிண்டரில் உள்ள இடத்துக்கும் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடத்துக்கும் உள்ள விகிதத்தை, முன்கூட்டியே குறைத்துவிடுகின்றனர். அமெரிக்கக் காரின் டேர்போ இல்லாத இரட்டைக் காம் எஞ்சினில் அவ்விகிதம் 9.5க்கு 1 ஆக இருக்க, எஸ்ஆர்20டிஈடியில் அது 8.5க்கு 1 ஆக இருப்பதன் பொருள் இதுவே. காற்றை வெளியே அழுத்திக் கொண்டுவரும் எஞ்சின், உள்ளே அழுத்துவதை அந்த அளவுக்கு விட்டுக்கொடுக்கிறது.

இந்த விட்டுக்கொடுப்பைத்தான் வடபுலம் வேறொரு தேவையால் கற்றது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்கில் நடைமுறைக்கு வந்த பொருளாதாரத் தடை பெற்றோலையும் பற்றறியையும் உதிரிப்பாகங்களையும் கிட்டாப் பொருள்களாக்கியது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ஒஸ்ரின், மொறிஸ் வகைப் பழைய ஆங்கிலக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டியிருந்தது. ஆவியாகிய பின்னும் சிக்கல் தீர்வதில்லை. ஒக்டேன் எண் என்பது நொக்கிங்குக்கு எரிபொருள் காட்டும் எதிர்ப்பை அளக்கும் எண். மண்ணெண்ணெயில் அது மிகத் தாழ்ந்தது. பழைய ஆங்கிலக் கார்கள் அதனைத் தாங்கியமைக்கு, அக்காலத்துத் தரம் குறைந்த பெற்றோலைக் கருதித் தாழ்வாக வைக்கப்பட்ட அவற்றின் கொம்பிரஷன் விகிதமே முதற்காரணம். பின்னர் வந்த, விகிதம் உயர்ந்த எஞ்சின்கள் இதற்கு இணங்கவில்லை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்ததால், எண்ணெயை அடிக்கடி மாற்றாதவர்களின் எஞ்சின்கள் தேய்ந்தழிந்தன.

இது போர் கண்டுபிடித்த புதுமையுமன்று. 1946இல் உற்பத்தி தொடங்கிய பேர்குசன் ரீஈ20 உழவு இயந்திரத்தின் ஒரு வகை, பெற்றோலில் இயக்கப்பட்டுச் சூடேறியபின் மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த மலிவான எரிபொருளுக்கு மாற்றப்படுவதற்கென்றே, தாழ்ந்த கொம்பிரஷனுடனும் புகைவெப்பத்தால் எரிபொருளை ஆவியாக்கும் அமைப்புடனும் தொழிற்சாலையிலேயே ஆக்கப்பட்டது. உழவு நாட்டின் இயந்திர அறிவும் தடைக்காலத்தின் இயந்திர அறிவும் இவ்வாறு ஒரே விதியில் சந்திக்கின்றன. நொக்கிங்கைக் காதால் கேட்டு, தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளி, எஞ்சினைப் பாதுகாக்கப் பழகிய ஒருவருக்கு, டேர்போ எஞ்சினில் அதே வேலையை ஒரு சிறு உணரியும் கணினியும் செய்கின்றன என்பதை விளக்க நெடுநேரம் ஆகாது. புதிய தொழில்நுட்பம் எப்போதும் நகரத்திலிருந்தே கிராமத்துக்கு வருகிறது என்ற எண்ணம் எவ்வளவு குறைபாடுடையது என்பதை இது காட்டுகிறது.

ஆகவே, நானாட்டானில் இத்தகைய எஞ்சினைப் பொருத்த விரும்புபவர் முதலில் கேட்க வேண்டிய வினா குதிரைவலுவைப் பற்றியதன்று, அருகிலுள்ள எரிபொருள் நிலையத்தில் எந்தப் பெற்றோல் கிடைக்கிறது என்பதே. ஜப்பானில் உயர்தரப் பெற்றோலின் ஒக்டேன் தரநிலைப்படி 96க்குக் குறையாதது. அங்குள்ள டேர்போ ஸ்போர்ட்ஸ் கார்கள் அதனை நம்பியே நுணுக்கப்படுத்தப்பட்டவை. இலங்கையில் பரவலாக விற்கப்படுவன 92, 95 ஆகிய இரண்டுமே. 95 எல்லா ஊர்களிலும் எந்நாளும் கிடைக்கும் பொருளன்று. மன்னார் வறண்ட வலயத்தைச் சேர்ந்தது; கச்சான் காற்றுக் காலத்தின் நண்பகலில் எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றே சூடானது. அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்ரர்கூலர் எனும் தகட்டுக் கூண்டு இங்கு விருப்பப்படி சேர்க்கும் அலங்காரமன்று. அது சிறிதாயின் நொக்கிங் உறுதி. கடற்கரைக்கு அருகே ஓடும் காரில் அதன் அலுமினியத் தகடுகளையும் றேடியேற்றரையும் உப்புக்காற்று அரிப்பதால், அவற்றை நன்னீரால் கழுவி வருவதும் பராமரிப்பின் பகுதியாகிறது. எஸ்13 எஞ்சினில் டேர்போ தரும் மேலழுத்தம் தொழிற்சாலை அளவில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 7 இறாத்தல். அதனை உயர்த்துவது ஒரு திருகாணியைத் திருப்பும் அளவுக்கு எளிதாக இருப்பதே அதன் ஆபத்து. 92 ஒக்டேனில் ஓடும் காரில் அந்த ஆசையை முற்றாகக் கைவிடுவதே அறிவுடைமை.

எஞ்சின்கள் இலங்கைக்கு வரும் வழியிலும் ஒரு நயம் உண்டு. ஜப்பானில் புதிய தனியார் கார் மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும், அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் செலவு மிகுந்த கட்டாயப் பரிசோதனைக்கு உட்படுவதால், நன்றாக ஓடக்கூடிய கார்களையே பலர் விட்டுவிடுகின்றனர். அவற்றின் எஞ்சின்களும், ஹாஃப்கட் எனப்படும் காரின் முன்பாதிகளும் கப்பலேறுகின்றன. அமெரிக்கர் இவற்றிலிருந்து எஞ்சினை மட்டும் எடுத்துக்கொள்ள, இலங்கையரோ ஸ்ரியறிங் தண்டையும் முன்பலகையையும் வயறிங்கையும் முழுமையாகப் பயன்படுத்தலாம். ஏனெனில் ஜப்பானைப் போலவே இங்கும் வாகனங்கள் வீதியின் இடப்பக்கத்தில் செல்கின்றன, ஸ்ரியறிங் வலப்பக்கத்தில் உள்ளது. கொழும்பின் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகச் சந்தை இவ்வகைப் பொருள்களுக்குப் பெயர்பெற்றது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி வரை தனியார் கார்களுக்குத் திறக்கப்படாதிருந்த ஆண்டுகளில், இருக்கும் காரை எவ்வாறேனும் உயிர்ப்பித்து ஓட்டும் தொழில் நாடெங்கும் மதிப்புப் பெற்றது.

ஒரு காரில் வேறொரு எஞ்சினைப் பொருத்தும் இவ்வழியில் பெருநிறுவனங்களும் சென்றுள்ளன. இந்தியாவின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், பிரித்தானிய வொக்ஸ்ஹோல் காரின் உடலைத் தழுவி 1984இல் வெளியிட்ட கொன்டெஸாவில் தன் அம்பாஸடரின் 1.5 லீற்றர் எஞ்சினையே வைத்தது. அப்பெரிய உடலை அது சிரமப்பட்டே இழுத்தது. பின்னர் ஜப்பானிய இசுசு நிறுவனத்தின் 1.8 லீற்றர் எஞ்சினையும் ஐந்து கியர்களையும் பொருத்தியபின்தான் கார் தன் தோற்றத்துக்கு ஏற்ற ஓட்டத்தைப் பெற்றது. கியர்பொக்ஸும் உடன் மாறியது என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

கிளச்சும் கியர்பொக்ஸும் மட்டும் மாறினால் போதாது. 240எஸ்எக்ஸில் எஞ்சினை மாற்றிய பலர், அதே நிறுவனத்தின் கனமான 300இஸட்எக்ஸ் காரின் பிரேக்குகளையும் தேடிப் பொருத்தினர். நானாட்டான் சுற்றுவட்டத்தில் இத்தேவை இன்னும் கூடியது. வயல்களுக்கு நடுவே நேராகச் செல்லும் வீதிகள் வேகத்துக்கு அழைத்தாலும், மாலையில் பட்டிக்குத் திரும்பும் மாடுகளும், பின்விளக்கில்லாமல் பெட்டி இழுத்துச் செல்லும் லான்ட்மாஸ்ரர்களும், அறுவடைக் காலத்தில் வீதியோரம் காயும் நெல்லும், காப்பெற் வீதி எவ்வளவு நன்றாயினும், அங்கு உயிரைக் காப்பது பிரேக்கே என்பதை உணர்த்துகின்றன. வலுவைக் கூட்டுமுன் நிறுத்தும் ஆற்றலைக் கூட்டாதவர் தம்முடையதல்லாத உயிர்களையும் பணயம் வைக்கிறார். இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமேயில்லை.

எஞ்சினைப் பழையபடியே விட்டு, அதற்கே டேர்போவைச் சேர்ப்பது மலிவு என்று வாதிடுவோரும் உளர். அமெரிக்கக் காரின் இரும்புச் சிலிண்டர்க் கட்டை உறுதியானது என்பதால் அவ்வாதம் அங்கு செல்லுபடியாகலாம்; ஆனால் தொழிற்சாலையில் டேர்போவுக்கென்றே கணக்கிடப்பட்ட கொம்பிரஷன், பிஸ்ரன்களைக் குளிர்விக்கும் எண்ணெய்த் தாரை, கணினியில் பதிந்த எரிபொருள் அளவு ஆகியவற்றைப் பட்டறையில் ஒவ்வொன்றாகப் பெறுவதைவிட, முழு எஞ்சினாக வாங்குவதே நல்ல எரிபொருள் கிடைக்காத ஊருக்குப் பாதுகாப்பானது. எரிபொருள் தட்டுப்பாடு வந்த 2022இல் கியூஆர் குறியீட்டு முறையின் கீழ் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் மட்டுமே வழங்கப்பட்டதையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும்.

இறுதியாக நிற்பது ஆவணம். இலங்கையில் வாகனத்தின் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் சஸி இலக்கமும் தனித்தனியே உள்ளன. எஞ்சினை மாற்றியவர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து, இறக்குமதி ஆவணத்தையும் விற்பனைச் சீட்டையும் காட்டிப் பதிவைத் திருத்த வேண்டும். ஆண்டுதோறும் புகைப் பரிசோதனையையும் கடக்க வேண்டும். திணைக்களம் கேட்காத இன்னொரு ஆவணமும் உண்டு: எந்த நிறக் கம்பி எந்த உணரியிலிருந்து எந்தக் கணினி முனைக்குச் செல்கிறது, எந்தக் காரின் கிளச்சும் பிரேக்கும் பொருத்தப்பட்டுள்ளன, எந்த ஒக்டேனுக்குத் தீப்பொறி நேரம் அமைக்கப்பட்டுள்ளது என்பவற்றை எழுதிய ஒரு தாள். மண்ணெண்ணெய்க் காலத்து மெக்கானிக்குகள் தம் கணக்குகளைக் கையிலும் காதிலும் வைத்திருந்தனரேயன்றித் தாளில் வைக்கவில்லை. அவர்கள் எந்த எஞ்சினில் எதனை எவ்வளவு மாற்றினர் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ள இன்னும் காலம் இருக்கிறது.