லின் போகவில்லை

பாட்காஸ்ட் என்பதற்கு வலையொலி, ஒலித்தொடர் என்று தமிழில் இரண்டு மூன்று பெயர்கள் புழங்குகின்றன. எங்களுக்கு ஒலித்தொடர் என்பதே பிடித்திருக்கிறது. வார இதழ்த் தொடர்கதையின் பேத்திதான் இவள் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. ராஜேஷ்குமாரையும் சுஜாதாவையும் மாறி மாறிப் படித்து வளர்ந்த எங்கள் இருவருக்கும், ஒரு கொலையும் அதன் முடிச்சும் தவணை தவணையாக வந்து சேர்வதில் வியப்பொன்றும் இல்லை. ஆனால் இங்கே செத்தவர் உண்மையாகவே செத்தவர். அவருடைய தம்பியோ மகளோ எங்கோ உட்கார்ந்து அதே தவணையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இது உறைப்பதற்கு எங்களுக்குச் சில தொடர்கள் தேவைப்பட்டன.

துப்புத் துலங்காமல் பல்லாண்டு கிடந்து, பிற்பாடு தீர்வு கண்ட கொலை வழக்குகளைப் பற்றிய தொடர்கள் ஆங்கிலத்தில் மலையாய்க் குவிந்திருக்கின்றன. அவற்றுள் எங்களை அதிக நாள் விடாமல் பிடித்து வைத்திருந்தது 'தி டீச்சர்ஸ் பெட்'. 'தி ஆஸ்திரேலியன்' நாளிதழுக்காக ஹெட்லி தாமஸ் என்ற செய்தியாளர் உருவாக்கிய தொடர் அது. 2018 மே மாதம் தொடங்கியது. நாங்கள் அதைக் கேட்டது தீர்ப்பெல்லாம் வந்த பிறகு. முடிவு தெரிந்த கதையைக் கேட்பதில் ஒரு வசதி உண்டு: யார் செய்தது என்ற பரபரப்பு விலகிவிடுவதால், யார் யார் என்ன செய்யாமல் விட்டார்கள் என்பது காதில் விழத் தொடங்குகிறது.

சிட்னியின் வடக்குக் கடற்கரைப் பகுதியில் பேவியூ என்ற இடம். 1982 ஜனவரியில் அங்கிருந்த ஒரு வீட்டிலிருந்து லின் காணாமல் போனார். வயது 33, செவிலியராகப் பயின்றவர், நான்கு வயதிலும் இரண்டு வயதிலும் இரண்டு பெண் குழந்தைகள். கணவர் கிறிஸ் டாசன் உடற்பயிற்சி ஆசிரியர். ஒரு காலத்தில் பெயர் பெற்ற ரக்பி லீக் ஆட்டக்காரர். அவரிடம் படித்த பதின்வயதுப் பெண்ணொருத்தி குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தாள். லின் மறைந்த சில நாட்களுக்குள் அந்தப் பெண் அதே வீட்டில் குடியேறினாள். 1984ல் அவளையே டாசன் மணந்துகொண்டார். மனைவியைக் காணவில்லை என்று அவர் காவல்துறையில் முறையிட்டது ஏறக்குறைய ஆறு வாரங்கள் கழித்து. தனக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டுமென்று லின் தொலைபேசியில் சொன்னதாகவும், அவராகவே போய்விட்டதாகவும் எல்லோரிடமும் சொல்லி வைத்தார்.

அந்த 'போய்விட்டாள்' என்ற சொல்லில்தான் நாங்கள் தடுக்கி நின்றோம். எங்கள் குடும்பத்திலும் அப்படிப் 'போன' ஓர் அத்தை உண்டு. பிறந்த வீட்டாருக்குப் புகுந்த வீட்டார் சொல்லி அனுப்பிய ஒரே வாக்கியம், அவள் போய்விட்டாள் என்பது. யாரோடு, எங்கே என்று கேட்பதே அவமானம் என்றிருந்த காலம். தாத்தா கேட்கவில்லை. பாட்டி மட்டும் பல ஆண்டுகள் தீபாவளிக்கு ஒரு புடவை அதிகமாக எடுத்து வைத்ததாகச் சொல்வார்கள். அத்தைக்கு என்ன நேர்ந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஏதோ நேர்ந்திருக்கும் என்று சொல்லவும் எங்களிடம் ஆதாரம் இல்லை. ஆனால் ஒரு பெண் தானாகப் போய்விட்டாள் என்று சொல்லிவிட்டால் போதும், உலகம் தேடுவதை நிறுத்திவிடும் என்பது சிட்னிக்கும் பொருந்துகிறது என்று அறிந்தபோது, அன்றைய பாகத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு இருவரும் வெகுநேரம் பேசாமல் இருந்தோம்.

இரண்டு சிறு குழந்தைகளை விட்டுவிட்டு, தாயிடமும் உடன்பிறந்தவர்களிடமும் ஒரு சொல் கூடச் சொல்லாமல் ஒருத்தி போவாளா என்று 1982ல் காவல்துறை அழுத்திக் கேட்டிருந்தால் கதை வேறு. கேட்கவில்லை. 1990ல் டாசனைப் பிரிந்த இரண்டாம் மனைவி காவல்துறையிடம் பேசிய பிறகுதான் இது கொலையாக இருக்கலாம் என்ற பேச்சு தொடங்கியது. 2001லும் 2003லும் இரண்டு மரண விசாரணைகள் நடந்தன. லின் இறந்துவிட்டார், அறிந்த ஒருவரே கொன்றிருக்கிறார் என்ற முடிவுக்கு இரண்டுமே வந்தன. வழக்குத் தொடுக்கும் அரசு அலுவலகமோ சான்று போதாது என்று கைவிரித்துவிட்டது. லின்னின் தாயார் விடை தெரியாமலே இறந்துபோனார்.

இனி, ஒலித்தொடர் இந்த வழக்கைத் தீர்த்து வைத்தது என்று பரவலாகச் சொல்லப்படுவதைப் பார்ப்போம். முழுக்கச் சரியில்லை. காவல்துறை 2015ல் புலனாய்வை மறுபடி தொடங்கி, புதிய கோப்பை 2018 ஏப்ரலிலேயே அரசு வழக்குரைஞர்களிடம் கொடுத்திருந்தது. முதல் பாகம் வெளியானது அதற்கடுத்த மாதம். ஆனால் கோடிக்கணக்கான முறை அந்தத் தொடர் தரவிறக்கப்பட்டதும், இத்தனை காலம் வாய் திறக்காதவர்கள் திறந்ததும், இனியும் இந்தக் கோப்பை அலமாரியில் வைக்க முடியாது என்ற நிலை உருவானதும் உண்மை. 2018 டிசம்பரில் டாசன் கைதானார். அதே ஆண்டு ஹெட்லி தாமஸுக்கும் அவருடைய தயாரிப்பாளருக்கும் ஆஸ்திரேலிய இதழியலின் உயரிய விருதான கோல்டு வாக்லி கிடைத்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எங்களுக்கு இந்த விவகாரத்திலேயே மிகவும் சுவையான, அதே வேளையில் சங்கடமான பகுதி. கொலையாளி இவர்தான் என்று ஊர் முழுவதும் பேசிவிட்ட பிறகு நியாயமான விசாரணை எப்படி நடக்கும் என்று டாசன் தரப்பு கேட்டது. வழக்கையே நிரந்தரமாக நிறுத்திவைக்க வேண்டும் என்பது கோரிக்கை. 2020ல் அதை விசாரித்த நீதிபதி எலிசபெத் ஃபுல்லர்டன் நிரந்தரத் தடைக்கு இணங்கவில்லை. ஆனால் ஊடகத் தலையீட்டை மிகக் கடுமையாகக் கண்டித்து, பரபரப்பு அடங்குவதற்காக ஒன்பது மாதம் வழக்கைத் தள்ளி வைத்தார். தொடரையும் விசாரணைக்கு முன்பே, 2019ல், ஆஸ்திரேலியாவுக்குள் கேட்க முடியாதபடி எடுத்துவிட்டிருந்தார்கள். நீதியைக் கதவருகே கொண்டு வந்து நிறுத்திய அதே குரல், கதவையும் அடைத்துவிடப் பார்த்தது. கேட்பவர்களாகிய எங்களைப் போன்றோரின் ஆவலும் அந்தக் கதவை அழுத்திக்கொண்டுதான் இருந்தது.

முடிவில் 2022ல் ஜூரி இல்லாமல், இயன் ஹாரிசன் என்ற நீதிபதி மட்டும் வழக்கைக் கேட்டார். ஆகஸ்ட் 30 அன்று அவர் தீர்ப்பை வாசிக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆயிற்று. உடல் இல்லை, ஆயுதம் இல்லை, கண்ணால் கண்ட சாட்சி இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் குற்றத்தை நிறுவாத சூழ்நிலைகள். சேர்த்துப் பார்த்தால் வேறு விளக்கத்துக்கு இடமில்லாதவை. அந்தத் தொலைபேசி அழைப்புகள் பொய் என்றார். லின்னைப் பிற்பாடு அங்கே பார்த்தேன், இங்கே பார்த்தேன் என்று சொல்லப்பட்டவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளினார். ஒலித்தொடர் நடுநிலையாக இல்லை, சில சாட்சிகளின் நினைவை அது பாதித்திருக்கலாம் என்பதையும் மறைக்கவில்லை. தண்டனை 24 ஆண்டுகள். 2024 ஜூனில் மேல்முறையீடும் தள்ளுபடியானது. எங்கள் ரசனையைக் கேட்டால், தொடரின் எந்தப் பாகத்தை விடவும் அந்தத் தீர்ப்பு நல்ல உரைநடை. இசை இல்லை, அடுத்த வாரம் என்ற கொக்கி இல்லை. ஓர் ஐயத்தை எடுத்து, எடை போட்டு, கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிற நிதானம் மட்டும்.

கலிபோர்னியாவின் கிறிஸ்டின் ஸ்மார்ட் வழக்கும் இதே சாயல்தான். 1996 மே மாதம் சான் லூயிஸ் ஒபிஸ்போ கல்லூரி விருந்தொன்றிலிருந்து விடுதிக்குத் திரும்பிய 19 வயது மாணவி காணாமல் போனார். கடைசியாக உடன் நடந்தவர் யார் என்பது முதல் வாரத்திலிருந்தே தெரியும். 2019ல் கிறிஸ் லாம்பர்ட் என்ற இசைக்கலைஞர், இதழியல் பயிற்சி ஏதுமின்றித் தனியாளாக, 'யுவர் ஓன் பேக்யார்ட்' தொடரைத் தொடங்கினார். புதிய சாட்சிகள் முன்வந்தார்கள்; 2021ல் பால் ஃபுளோரஸ் கைதாகி, 2022 அக்டோபரில் குற்றவாளி எனத் தீர்ப்பானது. உடல் இங்கும் கிடைக்கவில்லை.

ஆனால் இந்த வகையில் தலைசிறந்தது எதுவென்றால் 'இன் த டார்க்' தொடரின் முதல் பருவம் என்போம். மினசோட்டாவில் 1989 அக்டோபரில் கடத்தப்பட்ட 11 வயதுச் சிறுவன் ஜேக்கப் வெட்டர்லிங்கைப் பற்றியது. தொடர் வெளியாக இருந்த நேரத்தில், 2016 செப்டம்பரில், டேனி ஹைன்ரிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு உடல் புதைந்த இடத்தையும் காட்டிவிட்டார். மர்மம் போயிற்று, கதையும் போயிற்று என்று வேறொருவர் மூட்டை கட்டியிருப்பார். மேடலின் பாரனோ கேள்வியை மாற்றினார்: தொடக்கத்திலேயே காவல்துறையின் பார்வையில் பட்ட ஆளைப் பிடிக்க ஏன் 27 ஆண்டுகள்? இடையில் பக்கத்து வீட்டு இசை ஆசிரியர் ஒருவரைச் சந்தேகத்துக்குரியவர் என்று வெளிப்படையாகச் சுட்டி, அவர் குடியிருந்த பண்ணையைத் தோண்டிப் பார்த்து, அவர் வாழ்க்கையைச் சிதைத்திருந்தார்கள். அந்த மனிதரைப் பற்றிய பாகத்தை நாங்கள் இரண்டு முறை கேட்டோம். துப்பறியும் கதைகளில் தவறாகச் சந்தேகிக்கப்படுபவன் கதை முடிந்ததும் கைகுலுக்கி வீட்டுக்குப் போய்விடுவான். இவருக்கு அப்படி ஒரு கடைசி அத்தியாயம் எழுதப்படவில்லை.

நண்பர் ஒருவர் எங்களிடம் கேட்டார்: "பிறர் வீட்டுச் சாவை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்கிறீர்களே, கூசவில்லையா?" கூசுகிறது. அதனால் இப்போது தேர்ந்தே கேட்கிறோம். இடையிடையே மெத்தை விளம்பரம் வரும் தொடர்களையும், கொலையாளியின் குழந்தைப் பருவத்தில் தேனூறிப் பேசும் தொடர்களையும் விட்டுவிட்டோம். கேட்பதையே விட்டுவிடலாமே என்றால், அந்த அத்தையின் நினைவு குறுக்கே வருகிறது. யாரோ ஒருவர் ஒலிவாங்கியோடு வந்து எங்கள் பாட்டியிடம் கேட்டிருந்தால், பாட்டி பேசியிருப்பாள் என்றே நினைக்கிறோம்.

லின்னின் குரல் இன்றும் இருக்கிறது. 1975ல் ஆஸ்திரேலிய ஏபிசி தொலைக்காட்சி இரட்டையர்களைப் பற்றி எடுத்த ஒரு நிகழ்ச்சியில், இரட்டையரில் ஒருவரான கணவரோடு அவரும் பங்கேற்றார். உடலை எங்கே வைத்தார் என்பதைச் சொல்லாத கொலைக் கைதிக்குப் பரோல் இல்லை என்று நியூ சவுத் வேல்ஸ் 2022ல் ஒரு சட்டம் இயற்றியது. மக்கள் அதை லின் சட்டம் என்கிறார்கள். டாசன் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை நெடுகிலும் நாங்கள் லின் என்று மட்டுமே எழுதி வந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. தீர்ப்பு வந்த அன்று நீதிமன்ற வாசலில் அவருடைய சகோதரர், இனி அவளைக் கணவனின் பெயரால் அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். லினெட் ஜாய் சிம்ஸ் என்பது அவர் பிறந்த வீட்டில் வைத்த பெயர்.