மீனுக்குப் பிடிக்க வேண்டும்

ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை முடிய 52 நாட்கள் கேரளத்தில் விசைப்படகுகள் இழுவலை போடக்கூடாது. நாட்டுப்படகுகளுக்கு அந்தத் தடை இல்லை. மற்றக் கரைகளில் அலை படகை இறக்கவிடாத மழைக்காலத்தில், திருவனந்தபுரத்துக் கடலோர ஊர்க்காரர்கள் பலரும் ஒதுங்குவது விழிஞம் துறையில்தான். வலைக்காரர்களோடு தூண்டில்காரர்களும் அங்கே நிறைய உண்டு.

அயலைக்கு (சென்னையில் கானாங்கெளுத்தி என்பார்கள்) அவர்கள் போடும் கயிற்றில் உயிர் இரையைத் தேடாதீர்கள். ஒரே நரம்பில் வரிசையாகச் சின்னச் சின்ன முட்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் பளபளக்கும் நைலான் இழை கொஞ்சம், அடியில் ஈயக்கட்டி. மேலே தூக்கி இறக்கினால் நெத்தோலிக் கூட்டம் துள்ளுவதுபோல் இருக்கும். கட்டுவது பார்க்க எளிது. இழையை முள்ளின் தண்டோடு சேர்த்து நூலால் இறுக்கிச் சுற்றி, முள்ளின் வளைவைத் தாண்டிச் சற்றே நீட்டிக்கொண்டிருக்குமாறு நறுக்க வேண்டும். இழை கூடிப்போனால் முள் சுழலும், நரம்பு முறுக்கிக்கொள்ளும். குறைந்தால் மீன் திரும்பியும் பார்க்காது.

பின்லாந்து மீனவர் லௌரி ரபாலா 1936இல் கார்க்கைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய தாளை ஒட்டி, புகைப்படச் சுருளை உருக்கிப் பூசி ஒரு பொய்மீன் செய்தார். பின்னாளில் உலகமெங்கும் விற்ற சரக்கு அது. அவருடைய கெட்டிக்காரத்தனம் கத்தியில் இல்லை. பெரிய மீன், கூட்டத்தில் கோணலாக நீந்தும் மீனைத்தான் குறிவைக்கிறது என்று படகில் இருந்தபடி பார்த்து வைத்திருந்தார். தன் பொய்மீனையும் கோணலாகவே நீந்தவிட்டார்.

வண்ணம் பூசிக் கண் வைத்த பொய்யிரைகள் இப்போது கடையில் விதவிதமாகத் தொங்குகின்றன. அந்த நிறங்களில் பாதி வாங்குகிறவனுக்காகத்தான். கணவாய்க்கு நிறமே பிரித்தறியத் தெரியாது என்கிறார்கள் விஞ்ஞானிகள். வெளிச்சமும் நிழலும் அசைவும்தான் அதற்குக் கணக்கு.

வயதான எங்களுக்கும் இந்தக் கோளாறு உண்டு. பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்தியை எங்கள் கண்ணுக்கு அழகாக இருக்கும்படி இழைத்து இழைத்துச் செய்கிறோம். அவர்கள் தொடவில்லை என்றால் காலத்தைக் குறை சொல்கிறோம். அவர்கள் எந்த ஆழத்தில் இருக்கிறார்கள், என்ன பசி என்று பார்ப்பதே இல்லை. (அறிவுரையைத் தூண்டிலோடு சேர்த்துப் பேசுவது அவ்வளவு நியாயமில்லை, ஒப்புக்கொள்கிறேன். கடித்த மீனுக்கு லாபம் ஏது?) தூண்டில்காரன் இதில் நம்மைவிடப் பணிவானவன். அரைமணி நேரம் கட்டிய முள்ளை மீன் ஒதுக்கினால் ஒரு வார்த்தை பேசாமல் பிரித்துவிட்டு வேறு இழை கட்டுவான். நேற்று கடிபட்டுப் பிய்ந்த இழையில் இன்றும் மீன் ஏறினால், அசிங்கமாக இருக்கிறதென்று அதை மாற்றவும் மாட்டான்.

பேரப்பிள்ளை தூண்டில் கேட்டால் முள்ளையும் நரம்பையும் மட்டும் நல்லதாக வாங்கிக் கொடுங்கள். இழைக்குப் பழைய நைலான் சாக்கைப் பிரித்தால் போதும். கட்டி முடித்ததும் முள் முனையில் ஒரு கார்க்குத் துண்டைச் செருகிவையுங்கள், இல்லையென்றால் கையில் ஏறிவிடும்.