போரில் கை வைக்கும் நாள்

மாசி பாதியைத் தாண்டிவிட்டால் செந்துறைப் பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: "போர்ல கை வச்சாச்சா?" அறுப்பு முடிந்து வீட்டோரம் ஏற்றிவைத்த வைக்கோற்போரையோ தட்டைப்போரையோ உருவத் தொடங்கிவிட்டீர்களா என்று அர்த்தம். முந்திக்கொண்டால் ஆனி பிறப்பதற்குள் போர் தீர்ந்துபோகும். பிந்தினால் மாடு தேறாது. அந்த ஒரு நாளை இவர்கள் எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் அங்கே போனேன்.

அரியலூருக்கு வடகிழக்கே, விழுப்புரம்–திருச்சி கார்டு லைன் ரயில் பாதையில் இருக்கிறது செந்துறை. செம்மண் மேட்டில் முந்திரித் தோப்புகள், தாழ்ந்த பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் கடலையும், ஆங்காங்கே ஏரிப்பாசன நெல். பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல். வடகிழக்குப் பருவமழையை நம்பிய ஊர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் முளைக்கிற புல் தை வரை தாங்கும். தையிலும் மாசியிலும் அறுத்த வயல்கள் திறந்துவிடப்படும். அடிக்கட்டையும் வரப்புப் புல்லும் உதிர்ந்த தோகையும் மாட்டுக்கு ஒன்றரை மாதம் வரும். அதற்குப் பிறகு ஆடி வரைக்கும் கோடை மழை பெய்தால் உண்டு, பெய்யாவிட்டால் இல்லை.

என்னை மேய்ச்சலுக்குக் கூட்டிப்போன பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நான்கு நாட்டு மாடு, இரண்டு கன்று, பத்துப் பன்னிரண்டு வெள்ளாடு. காலையில் கஞ்சியைக் குடித்துவிட்டு ஓட்டிப் போனால் பொழுது சாயத்தான் திரும்புவார். புல் இருக்கிறதா என்று தரையைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பார்த்ததெல்லாம் மாட்டின் காலைத்தான்.

"புல்லு இருந்தா மாடு நிக்கும் தம்பி. ஒரு எட்டு வைக்கும், நாலு வாய் கடிக்கும். இப்ப பாருங்க, நாலு எட்டுக்கு ஒரு வாய். தின்னதெல்லாம் நடையிலயே போயிருது."

அதற்குப் பிறகு நானும் தரையை விட்டுவிட்டு மாட்டையே பார்த்தேன். செவலை மாடு தலையைக் குனிந்தபடி நடந்துகொண்டே இருந்தது. காய்ந்த அறுகின் வேரோரத்தை நாக்கால் தடவியது, கிடைக்கவில்லை, நகர்ந்தது. உச்சிப்பொழுதுக்கு வேப்பமர நிழலுக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு மாடுகள் படுத்து அசைபோட்டன. செவலை படுக்கவில்லை. நின்றபடியே தோப்புப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. வயிறு நிறைந்த மாடு நிழலைக் கண்டால் படுக்கும். படுக்காமல் நிற்கிற மாட்டுக்கு அசைபோட உள்ளே ஒன்றுமில்லை என்றார் பெரியவர்.

மாலையில் கொட்டகையில் இன்னும் இரண்டு இடங்களைக் காட்டினார். ஒன்று, மாட்டின் இடப்பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் உள்ள குழி. இரைப்பை இருக்கிற பக்கம் அது. மேய்ந்து திரும்பும்போது அந்தக் குழி மேவியிருக்க வேண்டும். செவலைக்கு உள்ளங்கை அடங்குகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. இன்னொன்று சாணி. கார்த்திகையில் சாணி இளகி விழுந்து அகலமாகப் பரவும். தையில் வட்டமாக, நடுவில் சிறு குழியோடு நிற்கும். இப்போது அடுக்கடுக்காக மடிப்பு விழுந்து, குச்சியால் கிளறினால் நார் நாராகப் பிரிந்தது. தண்ணீரும் பச்சையும் குறைந்து வெறும் காய்ந்த கட்டையையே மாடு தின்கிறது என்று சாணி சொல்லிவிடுகிறது. நடை, படுக்கை, குழி, சாணி ஆகிய நான்கில் இரண்டு கெட்டாலே அவர் போரில் கை வைத்துவிடுவார். விலா எலும்பு தெரியும்வரை காத்திருப்பவர்களைப் பற்றிக் கேட்டேன். "எலும்பு தெரிஞ்ச பிறகு போடுற தீனி எலும்பை மூடவே சரியா போயிரும். கன்னுக்கும் இருக்காது, பாலுக்கும் இருக்காது" என்றார்.

கால்நடை மருத்துவர்கள் உடல்நிலை மதிப்பெண் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 1 முதல் 5 வரை எண் போட்டு, முதுகெலும்பு, இடுப்பு, வால் அடி ஆகியவற்றின் சதைப்பிடிப்பைத் தொட்டுப் பார்ப்பது. நல்ல முறைதான். ஆனால் சதை குறைந்த பிறகுதான் அந்த எண் இறங்கும். பெரியவர் பார்க்கிற நான்கும் சதை குறைவதற்கு முன்பே பேசுகின்றன. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரின் கண்ணில் இருக்கிற இந்த அறிவை நான் மிகப் பெரியதாக மதிக்கிறேன்.

அதே வீட்டில் மருமகளின் கணக்கு வேறு. கலப்பின ஜெர்சி ஒன்று வைத்திருக்கிறார். காலையும் மாலையும் பால் சொசைட்டிக்கு ஊற்றுகிறார். தை பிறந்த கையோடு அதற்குத் தட்டை போடத் தொடங்கிவிட்டார். "மாமா மாடு ஒரு வாரம் வாடினா அப்புறம் தேறிக்கும். இது ஒரு வேளை வாடினா மறுநாளே கேன்ல தெரியும்" என்றார். மாமனார் மறுத்துப் பேசவில்லை. நானூறு கிலோ எடையுள்ள கறவை மாட்டுக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ உலர்ந்த தீவனம் உள்ளே போக வேண்டும். இருநூற்றைம்பது கிலோ நாட்டு மாட்டுக்கு ஆறேழு கிலோ போதும். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு தொடக்க நாள் இருப்பது நியாயம்தான். ஊருக்கெல்லாம் பொதுவாக ஒரு தேதி குறித்துக் கொடுக்க முடியாது என்பது அந்தக் கொட்டகையில்தான் எனக்கு உறைத்தது.

கை வைப்பது என்றால் அள்ளிப் போடுவதும் இல்லை. பெரியவர் போரின் ஒரு பக்கத்தில் மட்டும், கீழ்நோக்கி இழுத்து உருவுகிறார். மேல்தோல் வெயிலிலும் பனியிலும் சாம்பல் பூத்துக் கிடந்தது. உள்ளிருந்து வந்தது பொன்னிறம். உருவிய பிடியை முகர்ந்து பார்த்தார், தட்டினார், தூசி பறந்தது. உள்ளே கைவிடும்போது சூடு தட்டினால் ஈரத்தோடு ஏற்றிய போர் என்று அர்த்தம். அதில் பூசணம் இருக்கும், மாட்டுக்கு ஆகாது. முதல் வாரம் மாலையில் மட்டும் தலைக்கு ஒரு பிடி. பிறகு இரண்டு. பங்குனி பிறந்ததும் காலையிலும் கொஞ்சம். மேய்ச்சலை நிறுத்துவதில்லை. வாய்க்குப் பழகட்டும் என்று அவர் சொல்வதை உள்ளே இருக்கிற நுண்ணுயிர்கள் பழகட்டும் என்று அறிவியல் சொல்கிறது. மாட்டின் முதல் இரைப்பையில் நாரைச் செரிக்கவைப்பவை அவைதான். தீனி மாறினால் அவற்றின் கூட்டமும் மாற வேண்டும்; அதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும்.

வைக்கோலை மட்டும் நம்பக் கூடாது என்பதையும் அந்தக் கொட்டகை காட்டியது. நெல் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான். கடலைக்கொடியில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அதனால் கொடிப்போர் தனியாக, மழை படாமல், சினை மாட்டுக்கும் கன்றுக்கும் என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 50 முதல் 65 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைத்தால் வைக்கோலின் சத்து கூடும். கால்நடைத் துறையும் வேளாண் பல்கலைக்கழகமும் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் முறை இது. ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்குக் கொடுக்கக் கூடாது. அளவு பிசகினால் விஷம் என்ற பயத்தால் இங்கே பலர் செய்வதில்லை. கால்நடை மருத்துவமனையிலிருந்து ஒருவர் வந்து ஒரு முறை கூட இருந்து செய்து காட்டினால் அந்தப் பயம் போய்விடும் என்பது என் எண்ணம்.

குதிரைக்கும் இதே கேள்விதான். குளிர்நாடுகளில் மேய்ச்சல் நிலத்தில் விட்ட குதிரைக்கு எப்போது உலர்புல் போடத் தொடங்குவது என்பது இலையுதிர்காலத்தின் பெரிய கவலை. புல் நான்கு விரல் உயரத்துக்குக் கீழே போய்விட்டால் தொடங்கு என்பார்கள். பொட்டல் தரையைக் கடிக்கும் குதிரை மண்ணையும் சேர்த்து விழுங்கும், மணல் குடலில் தங்கி வயிற்றுவலி வரும். செந்துறைப் பக்கம் குதிரை என்றால் ஐயனார் கோயில் வாசலில் நிற்கும் குதிரைதான். ஆனால் பொட்டல் தரையின் கேடு இங்கேயும் உண்டு. மேய ஒன்றுமில்லாத மாடு சாலையோரக் குப்பைக்குப் போகிறது, பிளாஸ்டிக்கை விழுங்குகிறது. இன்னொரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். மாடு தின்னும் எல்லாமும் குதிரைக்கு ஒத்துவராது. சவுண்டல் தழையை அதிகம் தின்ற குதிரைக்குப் பிடரிமயிரும் வால்மயிரும் கொட்டும். யூரியா வைக்கோல் குதிரைக்கு அறவே கூடாது.

கொங்கு நாட்டில் இந்தச் சிக்கலுக்கு நிலத்திலேயே விடை வைத்திருந்தார்கள். காங்கயம் வட்டாரத்துக் கொறங்காடுகளில் கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல மரங்கள். புல் காயும் கோடையில் வெள்வேல நெற்று உதிர்ந்து மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீனியாகிறது. ஒரு காட்டை மேய்த்துவிட்டு மூடி, அடுத்த காட்டைத் திறப்பார்கள். தனியார் நிலம் என்பதால் அது முடிகிறது. செந்துறைப் பக்கத்து மாட்டுக்காரர்களில் பலருக்கு இருப்பது ஏரிக்கரையும் புறம்போக்கும்தான். அதிலும் சீமைக் கருவேலம் ஏறிவிட்டது, ஒரு பகுதி சுரங்கங்களுக்கும் வீட்டுமனைகளுக்கும் போய்விட்டது. முன்பெல்லாம் பங்குனி பாதிவரை போரைத் தொட மாட்டோம், இப்போது மாசியிலேயே கை வைக்க வேண்டியிருக்கிறது என்றார் பெரியவர். அவர் குரலில் இருந்த வருத்தம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

போரை எப்போது நிறுத்துவது என்பதும் இதே அளவு கவனம் கேட்கிற வேலை. முதல் மழை பெய்து தரை பச்சையானதும் மாட்டை அப்படியே அவிழ்த்துவிடுகிறவர்கள் உண்டு. வறட்சியில் வாடி, மழைக்குப் பின் துளிர்க்கும் சோள மறுதாம்பில் சயனைடு விஷம் சேர்ந்திருக்கும்; மேய்ந்த கொஞ்ச நேரத்தில் மாடு விழுந்துவிடும். செம்மறியாட்டுக்கு இளம்புல்லில் துள்ளுமாரி வரும். நன்றாக மேய்ந்த கொழுத்த குட்டிதான் முதலில் சாகும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும். பெரியவர் மழை பெய்த பிறகும் பத்து நாள் காலையில் வைக்கோல் போட்டுத்தான் வெளியே விடுவாராம். பாதி நிறைந்த வயிறு பச்சையைப் பார்த்துப் பறக்காது.

திரும்பி வரும் வழியில் அறுவடை முடிந்த மக்காச்சோளக் காடு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. 2018இல் அமெரிக்கன் படைப்புழு பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளக் காடுகளைப் பாழாக்கிய பிறகு இங்கே மருந்தடிப்பு கூடிவிட்டது. அதனால் அந்தத் தட்டையை மாட்டுக்குப் போடச் சிலர் அஞ்சுகிறார்கள். கடைசியாக மருந்தடித்து எத்தனை நாளானது என்று காட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னாலே போதும், அந்த அச்சம் தீர்ந்துவிடும். அறுக்க ஆளில்லை, அடுத்த வெள்ளாமைக்கு நிலத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதும் உண்மைதான். நெல்லிலும் அறுப்பு இயந்திரம் வந்தபின் வைக்கோல் துண்டு துண்டாக விழுகிறது, அதை உருளைக் கட்டாகக் கட்டி லாரியில் ஏற்றி விற்றுவிடுகிறார்கள். நிலமில்லாத மாட்டுக்காரர் தன் ஊரில் விளைந்த தீனியையே காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மக்காச்சோளம் போடுகிற விவசாயிகளிடம் ஒரு வேண்டுகோள். காட்டுக்குத் தீ வைப்பதற்கு முன், பக்கத்துத் தெருவில் மாடு வைத்திருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர்களே வந்து அறுத்துக்கொண்டு போவார்கள், உங்கள் நிலமும் சுத்தமாகும். மாடு வைத்திருப்பவர்களே, பக்கத்து வீட்டுக்காரர் தொடங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்று மாலை மாடு திரும்பியதும் அதன் இடப்பக்கத்துக் குழியைப் பாருங்கள். பள்ளம் விழுந்திருந்தால் இன்றைக்கே ஒரு பிடி போடுங்கள்.