நீரிலும் நிலத்திலும் ஒரு படகு

படகு என்பது தண்ணீரில் செல்லும் வாகனம் என்றுதான் நான் இருபது வருஷ காலமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போதித்து வந்திருக்கிறேன். ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும் என்பது நம் பழமொழி. ஆனால் ஓடமே வண்டியாகித் தரையில் ஓடும் என்று எந்தப் பழமொழியும் சொல்லவில்லை. அதைக் கண்ணால் காண, அமெரிக்கா தேசத்தின் தென்கிழக்குக் கோடியிலுள்ள புளோரிடா மாகாணத்துக்கு நான் போக வேண்டியதாயிற்று.

என் பழைய மாணவர் ஒருவர் அங்கே நீர்ப்பறவைகளின் கூடுகளைக் கணக்கெடுக்கும் தொழிலில் இருக்கிறார். அந்த வேலையை ஒப்பந்தமாக ஏற்றுச் செய்கிறவர் ஆகையால், படகு அவருடைய சொந்தப் பொறுப்பு. நான் போய் இறங்கிய அன்று மாலை, காபியைக் கொண்டுவந்து வைத்த அவருடைய மனைவி மெதுவாகச் சொன்னார்:

"ஸார், இவர் புதுப் படகு வாங்கப் போகிறார். போன மாதம் ஏரியில் முழுகப் பார்த்தார். என் பேச்சு எடுபடவில்லை. நீங்கள் சொன்னால் கேட்பார்."

படகைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆயினும் ஆசிரியராக இருப்பவன், 'தெரியாது' என்று உடனே ஒப்புக்கொள்ளும் வழக்கம் இல்லை அல்லவா? "முதலில் இடத்தைப் பார்க்கலாம்" என்றேன். மறுநாள் காலையிலேயே புறப்பட்டோம்.

*

அந்தப் பிரதேசத்துக்கு எவர்கிளேட்ஸ் என்று பெயர். வடக்கே ஓக்கிசோபி என்னும் பெரிய ஏரி. அதன் தென்கரையை அடுத்து இப்போது கரும்புத் தோட்டங்கள். அவற்றைத் தாண்டினால், கடல் வரையில் கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. புல்வெளி என்று பார்த்தவுடன் சொல்லி விடுகிறோம். உண்மையில் அது ஓர் ஆறு. ஒரு மைலுக்கு ஏறக்குறைய 2 அங்குலமே சரிவுள்ள சமதரையில், புல்லின் அடியில் தண்ணீர் ஓசையின்றித் தெற்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் என்ற அம்மையார், 1947-ஆம் வருஷத்தில் இதைப் பற்றி எழுதிய புத்தகத்தில் 'புல் ஆறு' என்று இதற்குப் பெயரிட்டார். நமது தேசம் சுதந்திரம் அடைந்த அதே வருஷத்தின் டிசம்பர் மாதத்தில், இதன் தென்பகுதி தேசியப் பூங்காவாகத் திறந்து வைக்கப்பட்டது.

அங்கே வளரும் முக்கியமான புல் நம் ஊர்க் கோரையின் இனத்தைச் சேர்ந்தது. ஆனால் அதன் விளிம்பில் ரம்பம் போல் பற்கள் உண்டு. கை பட்டால் ரத்தம் காணும். ஸெமினோல், மிக்கசூக்கி என்னும் பழங்குடி மக்கள் 1817 முதல் 1858 வரை அமெரிக்கச் சர்க்காரோடு நடத்திய மூன்று யுத்தங்களில், பிந்தியவற்றில் இந்தச் சதுப்பே அவர்களுக்குக் கோட்டையாக இருந்தது. சைப்ரஸ் மரத்தைக் குடைந்து செய்த தட்டையான ஓடங்களில் நின்றபடி கழியூன்றி அவர்கள் போன வழியில், பட்டாளத்தார் பின்தொடர முடியாமல் திகைத்தனர். இடத்தை அறிந்தவனுக்கே படகின் வடிவம் தெரியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

மே முதல் அக்டோபர் வரையில் மழைக் காலம். மற்ற மாதங்களில் தண்ணீர் வற்றிக்கொண்டே போகும். குறையும் நீரில் மீன்கள் குட்டைகளில் ஒடுங்கும்போது கொக்குக்கும் நாரைக்கும் கொண்டாட்டம். அப்போதுதான் அவை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. ஆகவே பறவையைக் கணக்கெடுக்கிறவர், படகு தரை தட்டும் காலத்தில்தான் படகில் போயாக வேண்டும்!

*

அதற்காக ஏற்பட்டதே ஏர்போட் என்னும் விசித்திர வாகனம். தட்டையான படகு, அதன் பின்புறத்தில் ஒரு பெரிய யந்திரம், அதற்குப் பின்னால், கூண்டுக்குள் ஆகாய விமானத்தின் விசிறி. தண்ணீருக்குள் சுழலும் உறுப்பு எதுவுமே கிடையாது. விசிறி காற்றைப் பின்னுக்குத் தள்ள, படகு முன்னுக்குப் பாய்கிறது. விசிறிக்குப் பின்னால் நிற்கும் சுக்கான் பலகைகள் அந்தக் காற்றைத் திருப்பிப் படகையும் திருப்புகின்றன. தடை கிடையாது, பின்னோக்கி நகர்த்தவும் வழி கிடையாது. டெலிபோனைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல்லின் குழுவினர் 1905-இல் கானடாவில் இத்தகைய படகு ஒன்றை விசிறிப் பரீட்சைக்காகச் செய்தனர். விமான நிபுணர் கிளென் கர்ட்டிஸ் 1920-இல் புளோரிடாவில் ஒன்றைப் பதிவு செய்தார். பிறகு தவளை பிடிப்பவர்களும் வேட்டைக்காரர்களும் தங்கள் கொட்டகைகளிலேயே இதைத் திருத்தித் திருத்தி வளர்த்தார்கள்.

இது வெறும் விளையாட்டுச் சாமான் அல்ல. 1972 டிசம்பர் 29 இரவு, மயாமி நகரில் இறங்க வேண்டிய பெரிய விமானம் ஒன்று 176 பேருடன் இச்சதுப்பில் விழுந்தது. பிழைத்தவர்கள் 75 பேர். அந்தக் காரிருளில் அவர்களிடம் முதலில் போய்ச் சேர்ந்தவர், ஏர்போட்டில் தவளை பிடித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர்.

காதை அடைக்கும் உறைகளை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். நாலு அங்குலத் தண்ணீரில் வழுக்கிச் சென்ற படகு, திடீரென்று தண்ணீரே இல்லாத இடத்துக்கு வந்துவிட்டது. காய்ந்த சேறும் மடிந்த புல்லுமாக நிலம் கிடந்தது. படகு நிற்கவில்லை! சரசரவென்று அதன் மேலும் ஏறி ஓடிற்று. "நடுவில் நிறுத்திவிடக் கூடாது, ஸார். தரையில் ஓடுவது சுலபம், நின்றுவிட்டால் கிளப்புவதுதான் பிராண அவஸ்தை" என்று கத்தினார் மாணவர். உராய்வைப் பற்றி நான் நடத்திய பாடத்தை எனக்கே திருப்பி நடத்தினார் என்று சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் ஏரிக்குப் போனோம். ஓக்கிசோபியின் பரப்பு ஏறக்குறைய 730 சதுர மைல். சராசரி ஆழமோ 9 அடிதான். ஆழம் இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று நினைத்து விடாதீர்கள். ஆழமற்ற நீரில் நெடுந்தூரம் காற்று வீசினால், அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி எழும்புகின்றன. 1928-ஆம் வருஷத்துப் புயலில் இந்த ஏரி கரையை உடைத்துக்கொண்டு குறைந்தது 2,500 பேரை விழுங்கிற்று.

நாங்கள் போன அன்று அடித்தது சாதாரண வடகாற்றுத்தான். அதற்கே ஒவ்வோர் அலையும் தட்டையான அடிப்பாகத்தில் சம்மட்டியால் அடிப்பதுபோல் அடித்தது. என் பல்லெல்லாம் கிடுகிடுத்தது. சென்ற மாதம் நடந்ததையும் மாணவர் அப்போதுதான் சொன்னார். அலைக்குப் பயந்து யந்திரத்தின் வேகத்தைச் சட்டென்று குறைத்தாராம். முன்னே பாய்ந்துகொண்டிருந்த படகு தணிந்து உட்கார்ந்தது. அது எழுப்பிய அலையே பின்னாலிருந்து வந்து, யந்திரத்தின் பாரத்தால் தாழ்ந்திருந்த அமரத்தின் மேல் ஏறி உள்ளே கொட்டிவிட்டது. கரை அருகில் இருந்தபடியால் பிழைத்தார்.

*

அங்கிருந்து படகு கட்டும் கிழவர் ஒருவரின் கொட்டகைக்குச் சென்றோம். மாணவரின் விருப்பம், அடிப்பாகம் கூர்மையாக இறங்கும் படகின் மேல் இருந்தது. "அலையைப் பிளந்துகொண்டு போகுமே!" என்றார்.

"போகும். தரையில் என்ன செய்யும்?" என்று கேட்டார் கிழவர். "கூர்முதுகின் மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். சேற்றை உழும்."

இங்கேதான் பள்ளிக் கணக்கு எனக்குக் கைகொடுத்தது. 15 அடி நீளமும் 8 அடி அகலமும் உள்ள தட்டை அடிப்பாகத்தின் பரப்பு 120 சதுர அடி. அது ஓர் அங்குலம் அமிழ்ந்தால் விலக்கும் நீர் 10 கன அடி. அதன் எடை 624 ராத்தல். ஆகவே மனிதரும் யந்திரமும் உட்பட 2,500 ராத்தல் எடையுள்ள படகுக்கு நாலு அங்குல நீர் போதும். அடிப்பாகத்தைக் கூராக்கினால் அதே எடையைத் தாங்க இன்னும் ஆழமாக அமிழ வேண்டும். அலைக்கு நல்லதெல்லாம் தரைக்குக் கெடுதல். தரைக்கு நல்லதெல்லாம் அலைக்குக் கெடுதல்!

"அப்படியானால் இரண்டுக்கும் ஆகிற படகே கிடையாதா?" என்று கேட்டேன்.

"இரண்டுக்கும் சிறந்தது கிடையாது. இரண்டையும் பொறுத்துக்கொள்வது உண்டு" என்றார் கிழவர். பிறகு விவரமாக விளக்கினார். அடிப்பாகம் தட்டையாகவே இருக்கட்டும். நம் பரதவர் அணியம் என்று சொல்லும் முன்முனை மட்டும் நீண்டு வளைந்து மேலெழும்பட்டும்; அலையிலிருந்து இறங்கும்போது மூக்கைக் குத்திக்கொள்ளாது. பக்கங்களும் அமரமும் சற்று உயரட்டும். கண்ணாடி இழையில் செய்த உடல் வழுவழுப்பாகத்தான் இருக்கும், ஆனால் சுண்ணாம்புப் பாறையில் மோதினால் விரிசல் காணும். அலுமினியம் நசுங்கும், தட்டி நிமிர்த்திவிடலாம். அடியில் வழுக்கும் பிளாஸ்டிக் தகடு பதித்தால் தரையில் உராய்வு குறையும், உலோகமும் தேயாது. ஆனால் இவற்றில் ஒவ்வொன்றும் எடையைக் கூட்டும். எடை கூடினால் பெரிய யந்திரம் வேண்டும். யந்திரம் பெரிதானால் எடை மறுபடியும் கூடும். எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வி.

அவர் பேசப் பேச, சென்னைக் கடற்கரையில் ஒரு காலத்தில் ஓடிய மசூலாப் படகு என் நினைவுக்கு வந்தது. துறைமுகம் ஏற்படுமுன் கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, பிரயாணிகளைக் கொந்தளிக்கும் அலையின் ஊடே கரை சேர்த்தது அந்தப் படகுதான். அதுவும் தட்டை அடிப்பாகமும் உயர்ந்த பக்கங்களும் கொண்டது. ஆணியும் கிடையாது, உள்சட்டமும் கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அறைந்தால் வளைந்து கொடுக்கும். மணலில் மோதினாலும் வளைந்து கொடுக்கும். ஆங்கிலேயரின் உறுதியான படகுகள் பிளந்துபோன இடத்தில், நம் படகோட்டிகளின் தைத்த படகு பிழைத்தது. ஆயினும் அந்தக் கெட்டிக்காரர்கள்கூட எல்லா நாளும் அலையைக் கடக்கவில்லை. கொந்தளிப்பு மிஞ்சிய நாளில் கரையில் கொடி ஏறும், படகு புறப்படாது.

இதை நான் சொன்னதும் மாணவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். வருஷத்தில் அவர் ஏரியின் திறந்த நீரைக் கடக்கும் நாட்கள் மிகச் சில. சேற்றிலும் காய்ந்த புல்லிலும் போகும் நாட்களோ மிகப் பல. கூர்மையான படகை விட்டுவிட்டார். கிழவர் சொன்னபடி தட்டையான அலுமினியப் படகு, நீண்ட அணியம், உயர்ந்த அமரம், அடியில் வழுக்குத் தகடு என்று தீர்மானமாயிற்று.

"மிச்சம் இருக்கிற குறைக்கு என்ன செய்வது, ஸார்?"

"அந்தக் குறையைப் படகு தீர்க்காது, தம்பி. கொடிதான் தீர்க்கும்" என்றேன்.

நான் ஊருக்குத் திரும்பும் நாள் காலையில் வடகாற்று பலமாக வீசிற்று. வாசலில் பார்த்தால், தபால் பெட்டியின் கம்பத்தில் ஒரு சிவப்புத் துண்டு படபடத்துக்கொண்டிருந்தது. கட்டியவர் யார் என்று நான் கேட்கவில்லை. மாணவர் அன்று ஏரிக்குப் போகவில்லை; அவருடைய மனைவி இரண்டாவது தடவையும் காபி கொண்டுவந்து வைத்தார்.