கேஸ் எங்கே போகிறது?

ஏசியில் இருக்கும் கேஸ் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. சமையல் சிலிண்டரில் இருப்பது எரிந்து தீரும். ஏசிக்குள் இருப்பது செம்புக் குழாயிலேயே சுற்றிச் சுற்றி வரும். அறைக்குள் இருக்கும் காயிலில் அது ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. வெளியே கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடேற்ற, அங்குள்ள காயிலில் திரவமாகி, வாங்கிய வெப்பத்தைத் தெருவில் விட்டுவிடுகிறது. கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அவ்வளவுதான். இருந்தும் நம் வீடுகளில், "வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் போடணும்ல?" என்றுதான் கேட்கிறோம்.

அக்னி நட்சத்திர வெயிலில், திருவல்லிக்கேணியில் கடை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கோடு வேலை நடக்கும் வீடுகளுக்குப் போய் வந்தேன். ஜன்னல் ஏசி காலத்தில் தொழிலுக்கு வந்தவர் அவர். கூட வரும் பையன் ஐ.டி.ஐ.யில் இந்தத் தொழிலையே படித்தவன். அவருக்குக் காது பேசும். இவனுக்கு மீட்டர் பேசும். கம்ப்ரசர் ஓடும் சத்தத்தைக் கேட்டு அவர் ஒன்று சொல்ல, இவன் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஆமாண்ணே, கரண்ட் கம்மியாத்தான் இழுக்குது" என்பான்.

பெசன்ட் நகரில் ஒரு மாடி வீடு. கடற்காற்று உப்பில் வெளிப்பெட்டியின் அலுமினியத் தகடுகள் விரல் பட்டாலே பொடியாக உதிர்ந்தன. ஆர்-32 கேஸ் போட்ட மெஷின். ஓடும்போது கேஜில் முள் 120 பி.எஸ்.ஐ.க்கு மேல் நிற்க வேண்டும். 70இல் நின்றது.

"போன வருஷம்தாம்ப்பா ஃபுல்லா கேஸ் போட்டுட்டுப் போனான்" என்றார் வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற அதிகாரி.

"அது எங்க சார் போச்சு? அதைத்தான் தேடணும்."

தேடுவது என்றால் முதலில் எண்ணெய்க் கறையைத் தேடுவது. கம்ப்ரசர் எண்ணெயில் கொஞ்சம் கேஸோடு கலந்து குழாயெல்லாம் போய் வரும். கேஸ் கசிகிற இடத்தில் எண்ணெயும் கசியும்; அதில் தூசி ஒட்டிக்கொள்ளும். பையன் செல்போன் டார்ச்சைப் பிடிக்க, அவர் குழாய்களை இணைக்கும் ஒவ்வொரு பிளேர் நட்டையும் டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. இன்டோர் யூனிட்டின் மூடியைக் கழற்றி, காயிலின் ஓரத்தில் வரிசையாக வளைந்து திரும்பும் குழாய்களைத் துடைத்தார். கீழ்வரிசையில் ஓரிடத்தில் பேப்பர் பழுப்பானது.

ஓட்டையைப் பற்றவைத்து அடைக்க உடனே நெருப்பு வைக்க முடியாது. ஆர்-32 மெதுவாகத்தான் எரியும் என்றாலும் எரியக்கூடியது. உள்ளே இருந்த கேஸை மெஷினை ஓட்டியே வெளிப்பெட்டிக்குள் இழுத்து அடைத்தார். முள் இறங்கிக்கொண்டே வந்தது. பூஜ்யத்தைத் தொடுமுன் நிறுத்திவிட்டார். அதற்கும் கீழே போனால் அந்த ஓட்டை வழியாகவே காற்று உள்ளே போகும். கம்ப்ரசருக்குள் காற்றும் எண்ணெயும் சேர்ந்து அழுத்தப்பட்டால் அது வெடித்துச் சிதறலாம். இதைப் பையனிடம் அவர் விளக்கிச் சொன்னதாக நினைவில்லை. "முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காத" என்று மட்டும் சொன்னார்.

பிறகு நைட்ரஜனை ஏற்றி, ஷாம்பு கரைத்த நீரைத் தூரிகையால் தடவினார்கள். கறை இருந்த இடத்தில் கடுகளவு குமிழ் ஒன்று எழுந்தது, வளர்ந்தது, உடைந்தது, மறுபடி எழுந்தது. இதைக் கண்டுபிடிக்கக் காலை முழுவதும் ஆகிவிட்டது.

குழாயை அடைத்து, மறுபடி நைட்ரஜனில் சோதித்து, வேக்குவம் பம்பை மாட்டிவிட்டு இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். "என்னப்பா, மோட்டாரைப் போட்டுட்டு உக்காந்துட்டே?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. இந்தத் தொழிலின் வில்லங்கமே இந்த அரை மணி நேரம்தான். குழாயில் காற்றும் ஈரமும் மிஞ்சினால், ஈரம் எண்ணெயைக் கெடுத்து அமிலமாக்கி, ஒரு நாள் கம்ப்ரசர் காயிலைத் தின்றுவிடும். வெற்றிடம் கூடக்கூட அந்த ஈரம் அறைச் சூட்டிலேயே கொதித்து வெளியேறும். ஆனால் பார்க்கிறவருக்கு ஆள் சும்மா இருப்பதுபோல் தெரிகிறது. பல பேர் இதைச் செய்வதே இல்லை. கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டு அதன் வேகத்தில் காற்றைத் தள்ளிவிட்டு முடித்துவிடுகிறார்கள். அன்றைக்கு ஜில்லென்றுதான் இருக்கும். அதன் வினை ஒன்றிரண்டு கோடை கழித்து, வேறொரு மெக்கானிக்கின் தலையில் விடியும்.

பில் வந்தபோது அதிகாரி கேஸுக்கு உண்டான மூவாயிரத்தைப் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார். "லீக் பாத்ததுக்குத் தனியா எதுக்கு?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. மெக்கானிக்குக்கு வரவில்லை, பழகியிருப்பார். கண்ணுக்குத் தெரியாத கேஸுக்குக் காசு கொடுக்கிறோம், கண்ணெதிரே அரை நாள் தேடிய மனிதனுக்குக் கொடுக்கத் தயங்குகிறோம். ஓட்டையை அப்படியே விட்டு ஆண்டுதோறும் கேஸ் நிரப்பிவிட்டுப் போகும் ஆளை நாமேதான் வளர்க்கிறோம். வெளியேறும் கேஸ் சும்மாவும் போவதில்லை. ஓசோனைத் துளைக்கும் பொருள்களை ஒழிக்க 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. அதன் வழியே பழைய ஆர்-22 விலகிக்கொண்டிருக்கிறது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-32 ஓசோனைத் தொடாது. ஆனால் ஒரு கிலோ கசிந்தால், நூறாண்டுக் கணக்கில் 675 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும்.

மெக்கானிக்கின் கடையிலிருந்து நடந்தால் ஐஸ் ஹவுஸ். பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேமிக்க 1842இல் கட்டிய இடம்; இன்றைய விவேகானந்தர் இல்லம். நாம் 'ஒன்றரை டன்' என்று ஏசி கேட்பதும் பனிக்கட்டிக் கணக்குதான். ஒரு அமெரிக்க டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை வாங்குமோ, அதே வேகத்தில் வெப்பத்தை வெளியேற்றினால் அது ஒரு டன் ஏசி.

புது மெஷின் மாட்டுவதையும் பார்த்தேன். செம்புக் குழாயைக் கட்டரில் வெட்டி, துகள் உள்ளே விழாமல் இருக்க வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துப் பிசிறெடுத்து, நட்டை முதலில் கோர்த்துக்கொண்டு, பிறகு விளிம்பை விரிக்கிறான் பையன். விரிந்த விளிம்பில் முடியளவு கீறல் இருந்தாலும் அண்ணன் வெட்டி எறிந்துவிடுவார். நான்காவது மாடியின் ஜன்னல் சிலாப்பில் வெளிப்பெட்டியை வைக்கப் பையன்தான் இறங்கினான். இடுப்பில் ஒரு நைலான் கயிறு; அதன் மறுமுனை ஜன்னல் கம்பியில். அடுக்குமாடி கட்டுகிறவர்கள் வெளிப்பெட்டிக்கு இடம் விடுகிறார்கள், அதைத் தொட வேண்டிய ஆளுக்கு நிற்க இடம் விடுவதில்லை.

அண்ணா நகரில், டெல்லியிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பம் ஒன்று. அவர்கள் கொண்டுவந்தது 'ஹாட் அண்ட் கோல்டு' மெஷின். கேஸ் ஓடும் திசையை மாற்றினால் அதே மெஷின் வெளியிலிருக்கும் வெப்பத்தை வாரி உள்ளே கொட்டும். ஹீட்டரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் கிடைக்கும். இதில் மூன்று யூனிட் வரைகூடக் கிடைக்கும் என்பதால் குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கவே இதை மாட்டுகிறார்கள். சென்னையில் அந்த வசதிக்கு என்ன வேலை? ஆனால் திசை மாற்றும் நான்குவழி வால்வு கெட்டால் குளிரும் வராது. இந்த வீட்டில் வெதுவெதுப்பாகத்தான் வந்தது. ஏற்கெனவே வந்த ஒருவர் கேஸ் குறைவு என்று நிரப்பிவிட்டுப் போயிருந்தார்.

அண்ணன் கேஜை எடுக்கவே இல்லை. வால்வில் சேரும் நான்கு குழாய்களையும் புறங்கையால் தொட்டார். கம்ப்ரசருக்குத் திரும்பும் நடுக்குழாய் சில்லென்றிருக்க வேண்டும், சுட்டது. "நடுவுல மாட்டிக்கிச்சு. சூடான கேஸ் குறுக்கால பூந்து அப்படியே திரும்புது" என்றார். ஸ்க்ரூடிரைவர் பிடியால் வால்வைத் தட்டிப் பார்த்தார், அசையவில்லை. புது வால்வு வாங்கி வந்து, உள்ளேயிருக்கும் பிளாஸ்டிக் உருகாமலிருக்க அதன் உடம்பில் ஈரத்துணியைச் சுற்றி, பையன் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட விட, பற்றவைத்தார்.

வேக்குவம் முடிந்து, சிலிண்டரைத் தராசில் வைத்து, ஸ்டிக்கரில் போட்டிருந்த கிராம் கணக்குக்குக் கேஸ் ஏற்றியதும் அறை குளிர்ந்தது. அந்த அம்மா பணத்தை எடுத்துவிட்டார். அண்ணனோ ரிமோட்டை வாங்கி 'ஹீட்'டில் போட்டார்.

"அண்ணா, மே மாசத்துல எதுக்கு?"

"ரெண்டே நிமிஷம்மா. நாளைக்கு உங்களுக்கு டெல்லிக்கே டிரான்ஸ்பர் ஆச்சுன்னா?"

சுடுகாற்று வந்ததும் குழந்தைகள் கத்திக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினார்கள். அவர் வெளியே போய் மறுபடி நான்கு குழாயையும் தொட்டுப் பார்த்தார். பிறகு கூலிங்குக்கு மாற்றி, 24இல் வைத்து, பில் புத்தகத்தைப் பிரித்தார்.