நல்ல கடிதத்துக்கு வழி விடுங்கள்

கம்போங் குவாந்தான், கோலசிலாங்கூர் வட்டாரத்தில் எஸ்.பி.எம். முடித்து மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருக்கும் தம்பி தங்கைகளே, இன்றே ஜிமெயிலின் ஸ்பேம் பெட்டியைத் திறந்து பாருங்கள். அங்கே விழுந்த கடிதம் 30 நாளில் தானாக அழிந்துவிடும். நேர்காணல் அழைப்பும் அதில் சிக்கலாம்.

இனி அப்படிச் சிக்காமல் இருக்க, பல்கலைக்கழகத்தின் அதிகாரப்பூர்வத் தளத்தில் உள்ள மின்னஞ்சல் முகவரியை எடுங்கள். கணினியில் ஜிமெயில் அமைப்புகளுக்குள் போய் அந்த முகவரிக்கு ஒரு வடிகட்டி உருவாக்கி, ‘ஸ்பேமுக்கு ஒருபோதும் அனுப்பாதே’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கடிதம் வந்ததும் அனுப்பியவர் பெயரை மட்டும் நம்பாதீர்கள். எந்தப் பெயரையும் யாரும் போட்டுக்கொள்ளலாம். முழு முகவரியையும் பாருங்கள். தெரிந்த முகவரியிலிருந்து வந்தாலும் கடவுச்சொல் கேட்டால் கொடுக்காதீர்கள்.

செம்பனைத் தோட்டத்தில் உழைத்துப் படிக்க வைத்த பெற்றோரின் கனவு, யாரும் திறக்காத பெட்டியில் கிடந்து அழியக் கூடாது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இதைச் செய்து கொடுங்கள்.